நாமே போட்ட மரத்தரை: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

மிச்சிகனில், டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் இருக்கிறது எங்கள் வீடு. 1974-இல் கட்டியது. அடியில் பேஸ்மென்ட், அதன் மேல் ஜாயிஸ்ட் எனும் உத்தரக் கட்டைகள், அவற்றின் மேல் முக்கால் அங்குல பிளைவுட், அதற்கும் மேலே யாரோ போட்டுவைத்த பழுப்புக் கம்பளம். ஒரு அக்டோபரில் அந்தக் கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டுவிட்டு, நானும் என் கணவருமாக ஹாலிலும் சாப்பாட்டு அறையிலும் நடைவழியிலும் சிவப்பு ஓக் பலகை பதித்தோம். அடுத்த ஆண்டு படுக்கையறை. இவருக்கு மென்பொருள் வேலை, எனக்குக் கணக்கு வேலை. தச்சு வேலை இரண்டு பக்கத்துப் பரம்பரையிலும் கிடையாது.

அதற்குப் பிறகு வந்த கோளாறுகளில் பாதி நாங்களே இழுத்துவிட்டுக்கொண்டவை. மீதிப் பாதி கோளாறே இல்லை, பருவம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நல்ல தரையைக் கெடுக்க இருந்தோம். அதனால் மரத்தரையில் யார் என்ன குறை சொன்னாலும் நான் முதலில் கேட்பது ‘என்ன ஆச்சு?’ என்று இல்லை. ‘இது எந்த மாசம்?’ என்றுதான்.

இங்கே சொல்வதெல்லாம் முக்கால் அங்குலத் தடிமனுள்ள முழு மரப் பலகைக்கு, அதுவும் பிளைவுட் மேல் ஆணியடித்துப் போட்டதற்கு. நேராக கான்கிரீட் மேல் போடும், மர அடுக்குகளை ஒட்டிச் செய்த எஞ்சினியர்டு பலகை வேறு கதை. கையில் இரண்டு கருவி வேண்டும். காற்றின் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று, மரத்தில் ஊசி குத்தி அளக்கும் ஈரப்பத மீட்டர் ஒன்று. ஆணி அடிக்கும் நெய்லரை வாடகைக்கு எடுக்கலாம். இந்த இரண்டையும் சொந்தமாகவே வாங்கிவிடுங்கள், வருடக்கணக்கில் தேவைப்படும்.

கம்பளத்தை எடுத்ததும் கீழே பழைய ஓடும் கறுப்புப் பசையும் தெரிகிறது

நிறுத்துங்கள். சுரண்ட வேண்டாம், தேய்த்து இழைக்கும் சாண்டரை வைக்கவே வேண்டாம். அந்தக் காலத்து வினைல் ஓடுகளிலும், குறிப்பாக 9 அங்குலச் சதுர ஓடுகளிலும், அவற்றின் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு துண்டு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரின் அடியோரத்தில் ஓடும் பேஸ்போர்டு பலகையில் இருக்கும் பழைய பெயின்டுக்கும் இதே எச்சரிக்கை. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1978-இல். அதற்கு முந்தைய வீடென்றால் தேய்க்கும் முன் சோதித்துப் பாருங்கள். எங்கள் நடைவழியில் மட்டும் ஓடு இருந்தது. சோதனை முடிவு வரும்வரை அந்தப் பக்கமே போகவில்லை. அந்தப் பத்து நாள் வீணாகவும் போகவில்லை, பலகைக் கட்டுகள் ஹாலில் கிடந்து வீட்டுக் காற்றுக்குப் பழகிக்கொண்டிருந்தன.

பழகுவது என்றதும் ஒன்று. ‘மூன்று நாள் வைத்திருந்தால் போதும்’ என்று கடையில் சொல்வார்கள். நாள் கணக்கை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அகலமுள்ள பலகைக்கும் கீழே இருக்கும் பிளைவுட்டுக்கும் ஈரப்பத வித்தியாசம் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிட அகலமான பலகை என்றால் 2 சதவீதத்துக்குள். அந்த வித்தியாசம் அடங்காமல் ஆணியை அடித்தால், கீழே எழுதியிருக்கும் பாதிக் கோளாறுகளுக்கு அன்றே முன்பணம் கட்டிவிட்டீர்கள்.

வரிசை கோணிக்கொண்டே போகிறது

எங்கள் முதல் சண்டை இதில்தான். இவர் நடைவழிச் சுவரை ஒட்டியே முதல் வரிசையைப் பிடித்தார். ‘சுவத்தப் பாத்துப் போடாதீங்க, நூல் அடிச்சுப் போடுங்க’ என்றேன். ‘அமெரிக்கால கட்டின சுவரு, கோணலாவா இருக்கும்?’ என்றார். இருபது அடி நீளத்தில் அரை அங்குலத்துக்கு மேல் கோணல். எட்டாவது வரிசையில் எதிர்ச் சுவர்வரை டேப் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

எந்த வீட்டுச் சுவரும் நேராக இருக்காது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். அறையின் இரு கோடியிலும் இரு பக்கச் சுவரிலிருந்தும் அளந்து, நடுவே சாயநூல் பிடித்து ஒரு கோடு அடியுங்கள். பக்கங்கள் 3, 4, 5 அடி வரும் முக்கோணம் போட்டு மூலை செங்கோணமா என்று சரிபாருங்கள். முதல் வரிசை அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட வேண்டும், சுவருக்கு அல்ல. சுவர் ஓரத்தில் எப்படியும் முக்கால் அங்குலம் இடைவெளி விடப்போகிறோம். சுவரின் கோணல் அந்த இடைவெளிக்குள்ளும், பேஸ்போர்டுக்கும் அதன் அடியில் வைக்கும் சிறு சட்டத்துக்கும் கீழேயும் மறைந்துவிடும்.

ஏற்கெனவே கோணிவிட்டதா? ஒரே வரிசையில் நிமிர்த்தப் பார்த்தால் கண்ணில் குத்தும் இடைவெளி விழும். ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை அளந்து, முடி அளவு வித்தியாசமாக இருக்கும்போதே அடுத்தடுத்த வரிசைகளில் பங்கிட்டுத் தீர்த்துவிடலாம். அரை அங்குலம் போனபிறகு ஒரே வழிதான், பிடுங்கு. எட்டு வரிசையையும் பிடுங்கினோம். நாக்கு, அதாவது அடுத்த பலகையின் காடி எனும் பள்ளத்துக்குள் நுழையும் ஓர நீட்டம், பிய்ந்த பலகைகள் ஒரு கட்டு அளவுக்குத் தேறின. பலகை வாங்கும்போது அளவுக்கு மேல் 10 சதவீதம் சேர்த்து வாங்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

ஆணித்தலை துருத்திக்கொண்டு நிற்கிறது, அல்லது நாக்கு பிளக்கிறது

இரண்டும் ஒரே குழாயின் இரண்டு திருப்பம். நெய்லருக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் அழுத்தம் குறைந்தால் ஆணித்தலை வெளியே நிற்கும், அடுத்த பலகையின் காடி அதில் இடித்துச் சேராது. அழுத்தம் கூடினால் ஆணி நாக்கைப் பிளந்துகொண்டு இறங்கும், பிடிமானமே இருக்காது. உடனே கண்ணுக்குத் தெரியாத கோளாறு இரண்டாவதுதான். ஆறு மாதம் கழித்து கிறீச்சிட ஆரம்பிக்கும்.

ஒரு துண்டுப் பலகையைப் பிளைவுட் மேல் வைத்து 80 பிஎஸ்ஐ-யில் தொடங்கி, ஐந்தைந்தாகக் கூட்டியோ குறைத்தோ சோதித்துக்கொள்ளுங்கள். ஆணித்தலை நாக்கின் மூலையில் சரியாக அமுங்கி உட்கார வேண்டும். நெய்லரின் அடித்தட்டு பலகைத் தடிமனுக்கு ஏற்றதுதானா என்றும் பாருங்கள். எங்களுக்கு வாடகைக்கு வந்த நெய்லரில் வேறு தடிமனுக்கான தட்டு மாட்டியிருந்தது. அரை நாள் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கொண்டிருந்தோம்.

இரண்டேகால் அங்குலப் பலகைக்கு 8 முதல் 10 அங்குலத்துக்கு ஒரு ஆணி, ஒவ்வொரு முனையிலிருந்தும் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி ஒன்று. எவ்வளவு குட்டைப் பலகையாக இருந்தாலும் குறைந்தது இரண்டு. சாய்வாக இறங்கும் 2 அங்குல ஆணியின் முனை முக்கால் அங்குல பிளைவுட்டைத் தாண்டி அடியில் எட்டிப்பார்க்கும். அதனால் அடிக்கும் முன் பேஸ்மென்டுக்குப் போய், பிளைவுட்டை ஒட்டினாற்போல் குழாயோ வயரோ ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

பலகையோடு பலகை சேரவில்லை

முதலில் காடிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். மரத்தூளோ சிராயோ மாட்டியிருக்கும், பத்தில் ஆறு முறை அதுதான். அடுத்து, முந்தைய வரிசையில் துருத்திய ஆணி. இரண்டும் இல்லையென்றால் பலகையே வில்போல வளைந்திருக்கிறது. லேசான வளைவென்றால், பிளைவுட்டில் ஒரு துண்டுக் கட்டையைத் திருகி, அதற்கும் பலகைக்கும் நடுவே கடப்பாரை போன்ற ப்ரை பாரை நெம்புகோலாகக் கொடுத்து ஒருவர் நெருக்க, மற்றவர் ஆணி அடிக்கலாம். இந்த இடத்தில்தான் இரண்டு பேர் இருப்பதன் அருமை தெரியும். அதிகமாக வளைந்தவற்றைத் துண்டாக்கி வரிசை முனைகளுக்கும் அலமாரிக்குள்ளும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வளைந்த பலகையை வம்புக்கு நிமிர்த்தினால் அது காலத்துக்கும் பழைய வளைவுக்குத் திரும்பவே பார்த்துக்கொண்டிருக்கும்.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் படிக்கட்டு போல் தெரிகிறது

முனை இணைப்புகள் வரிசையாக ஏறி இறங்கியிருக்கின்றன. ஒரே பெட்டியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து அடித்தால் இப்படி ஆகும். நிறமும் திட்டுத் திட்டாக விழும். நான்கு பெட்டியைக் கலந்து ஏழெட்டு வரிசையை முன்கூட்டியே தரையில் பரப்பிவைத்துவிட்டு, அப்புறம் ஆணியைத் தொடுங்கள். பக்கத்து வரிசை முனைகளுக்கு நடுவே குறைந்தது ஆறு அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். அடித்து முடித்த பின் இதற்கு மருந்து இல்லை. எங்கள் சாப்பாட்டு அறையில் ஒரு படிக்கட்டு இருக்கிறது, மேசையை அதன் மேல் போட்டிருக்கிறோம்.

நடந்தால் கிறீச்

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மேலே நின்று கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் மேலே மெதுவாக நடக்க வேண்டும், இன்னொருவர் பேஸ்மென்டில் டார்ச்சும் சுண்ணக்கட்டியுமாக நிற்க வேண்டும். இவர் மேலே ‘இப்ப?’ என்பார், நான் கீழிருந்து ‘இன்னும் கொஞ்சம் அடுப்படிப் பக்கம்’ என்பேன். ஒரு சனிக்கிழமை முழுக்க இந்த ‘இப்ப?’ கேட்டே போனது. பதினோரு இடத்தில் குறி போட்டேன். காரணம் மூன்று விதம்.

பிளைவுட்டுக்கும் ஜாயிஸ்டுக்கும் நடுவே சந்து இருந்து, நடக்கும்போது பிளைவுட் பழைய ஆணியில் ஏறி இறங்குவது முதல் வகை. பதினொன்றில் எட்டு இதுதான். சந்தில் மெல்லிய ஆப்பைப் பசை தடவிக் கையால் செருக வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் தரையே மேலே தூக்கிக்கொண்டு, பக்கத்தில் புதிதாக ஒரு சத்தம் பிறக்கும். நாங்கள் ஒன்றை அப்படிப் பிறப்பித்தோம்.

இரண்டாவது, ஓக்குக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே சந்து. ஆணி சரியாகப் பிடிக்காத இடம், அல்லது பிளைவுட் மேடுபள்ளமாக இருந்த இடம். பத்தடி நீளத்தில் 3/16 அங்குலத்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தால் முதலிலேயே மட்டப்படுத்தியிருக்க வேண்டும். இப்போது கீழிருந்து ஸ்க்ரூ போட்டு ஓக்கை இழுத்துப் பிடிக்கலாம். முன்துளை போட்டு, வாஷரோடு, நீளத்தை இரண்டு முறை கணக்குப் பார்த்துப் போடுங்கள். பிளைவுட்டும் ஓக்கும் முக்கால் முக்கால் என்றால் மொத்தம் ஒன்றரை அங்குலம், ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ சரி. பிளைவுட் 5/8 அங்குலம்தான் என்றால் ஒரு அங்குல ஸ்க்ரூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் காலோடு நடக்கும் வீட்டில் தரையிலிருந்து ஸ்க்ரூ முனை எட்டிப்பார்க்கக் கூடாது.

மூன்றாவது, பலகையும் பலகையும் உரசிக்கொள்வது. இணைப்பில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தூவி, துணியால் தேய்த்து உள்ளே இறக்கினால் அடங்கும். கொஞ்ச நாளைக்குத்தான். இந்த வகைச் சத்தம் குளிர்காலத்தில் மட்டும் வந்தால் எதுவும் செய்யாதீர்கள், ஏப்ரலில் தானே போய்விடும்.

இதெல்லாம் வராமல் இருக்க ஒரே வேலைதான் இருந்தது. ஓக் போடும் முன், பிளைவுட்டை ஜாயிஸ்டுகளோடு ஆறு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் இறுக்கியிருக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. ஹாலில் சோம்பலில் விட்டோம், படுக்கையறையில் விடவில்லை. படுக்கையறை இன்றுவரை ஊமை.

குளிர்காலத்தில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி

முதல் ஜனவரியில் ஹாலில் பலகைக்குப் பலகை கறுப்புக் கோடு விழுந்தபோது, எல்லாமே தவறிவிட்டது என்று நினைத்தேன். மர மாவும் பசையும் கலந்த ஃபில்லர் டப்பா வாங்கிவந்தும்விட்டேன். அதைத் திறக்காமல் விட்டது எங்கள் நல்ல காலம்.

கணக்கு இதுதான். வீட்டுக்குள் சுமார் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால் மரம் தனக்குள் 9 சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய ஈரத்தோடு நிற்கும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடி காற்று 25 சதவீதத்துக்கு வறண்டால் மரத்தின் ஈரம் ஐந்தரைக்கும் கீழே வந்துவிடும். ஏறக்குறைய 4 சதவீத இழப்பு. தட்டையாக அறுத்த சிவப்பு ஓக் தன் ஈரத்தில் ஒரு சதவீதம் இழந்தால், அகலத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.00369 அங்குலம் சுருங்கும். இரண்டேகால் அங்குலப் பலகைக்குப் பெருக்கிப் பாருங்கள்: 0.033 அங்குலம். கிட்டத்தட்ட ஒரு கிரெடிட் கார்டின் தடிமன்.

ஆகவே சோதனையும் சுலபம். ஜனவரி, பிப்ரவரியில் ஒரு கார்டு நுழையும் இடைவெளி என்றால் அது மரம் மூச்சு விடுவது. மே மாதத்தில் மூடிக்கொள்ளும். ஐந்து அங்குல அகலப் பலகை போட்டவர்களுக்கு இரண்டு கார்டுக்கு மேல் நுழையும், ஏனென்றால் சுருக்கம் அகலத்தோடு பெருகும். பார்வைக்கு அகலப் பலகை அழகுதான், மறுக்கவில்லை. குளிர்காலம் வறண்ட ஊரில் நான் குறுகிய பலகையின் கட்சி.

இடைவெளியை ஜனவரியில் ஃபில்லரால் அடைத்தால் என்ன ஆகும்? கோடையில் மரம் விரிய இடமில்லை. ஒன்று அந்த ஃபில்லரைப் பிதுக்கி வெளியே தள்ளும், இல்லையென்றால் பலகை ஓரம் தானே நசுங்கும். நசுங்கிய ஓரம் திரும்ப எழாது. அடுத்த ஜனவரியில் முன்னைவிடப் பெரிய இடைவெளி. மருந்தே நோயை வளர்ப்பது என்றால் இதுதான்.

செய்ய வேண்டியது காற்றைக் கவனிப்பது. காற்றில் ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபையர், ஃபர்னஸோடு இணைப்பதோ தனியாக வைப்பதோ, குளிர்காலத்தில் 35 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளப் பாருங்கள். மரத்தரை உள்ள வீட்டுக்கு ஆண்டு முழுக்க 30-க்கும் 50-க்கும் நடுவே என்பது வழக்கமான அளவு. கடுங்குளிர் நாளில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோத்து வழிந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். தரையைக் காப்பாற்றப் போய்ச் சுவரில் பூஞ்சை வாங்க வேண்டாம்.

ஜூலையிலும் மூடாத இடைவெளி என்றால்தான் உண்மையான கோளாறு. பலகை ஈரமாக இருந்தபோதே போட்டுவிட்டீர்கள், அல்லது ஆணி குறைவு. மூடாத இடத்தை, மரம் விரிந்து நிற்கும் அந்தக் கோடையிலேயே, மெல்லிய ஓக் சிம்பு அறுத்து ஒரு பக்கம் மட்டும் பசை தடவி அடைக்கலாம்.

பலகையின் ஓரங்கள் தூக்கி, நடுவில் குழி

வெறும் காலால் குறுக்கே நடந்தால் சலவைப் பலகை மேல் நடப்பது போல் இருக்கும். மாலை வெயில் சாய்வாக விழும்போது கண்ணுக்கும் தெரியும். இதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பலகையின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம் ஈரமாக இருக்கிறது. அடி விரிகிறது, மேல் விரியவில்லை, பலகை கிண்ணமாகிறது. மிச்சம் இருக்கும் கேள்வியெல்லாம் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான்.

எங்கள் வீட்டில் இது ஒரே ஆகஸ்டில் இரண்டு இடத்தில் வந்தது, இரண்டுக்கும் காரணம் வேறு. ஹாலின் வடக்கு ஓரம் முழுக்க லேசாக வந்தது பேஸ்மென்டால். கீழே ஹைக்ரோமீட்டர் வைத்தேன், 72 காட்டியது. மேலே ஏசி ஓடி 48. நடுவே கிடந்த பலகை என்ன செய்யும்? காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் ஒன்றை வாங்கிக் கீழே 50-இல் வைத்தோம்.

இரண்டாவது இடம் அடுப்படி வாசல். பத்துப் பலகை, நன்றாகவே குழிந்திருந்தன. டிஷ்வாஷரை இழுத்துப் பார்த்தோம், கசிவு இல்லை. ஃப்ரிட்ஜின் ஐஸ் குழாய், அதுவும் இல்லை. பிளைவுட்டை அடியிலிருந்து குத்தி அளந்தால் அங்கே ஈரமே இல்லை. அப்படியென்றால் தண்ணீர் மேலிருந்துதான் வந்திருக்கிறது. மதுரையிலிருந்து வந்திருந்த அத்தை, தினமும் காலையில் நாங்கள் எழும் முன் ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாகத் துடைத்துவிட்டுக் கொண்டிருந்தார். நாற்பது வருடம் மொசைக் தரையைக் கழுவிய கை. மரம் என்றால் அழுக்கே படாதா என்ன? நாங்கள் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது.

ஏற்கெனவே பூச்சு போட்டு வரும் பலகையில் மேல்பரப்பு முழுக்கப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பலகைக்குப் பலகை இருக்கும் சின்னச் சரிவுப் பள்ளத்தில் பூச்சு ஒன்றோடொன்று இணைந்திருக்காது. தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி இணைப்பு வழியே அடிக்குப் போகும். மேலே துடைத்த ஈரம் காய்ந்துவிடும், உள்ளே போனது காயாது. நீராவி மாப்பும் இதே கெடுதலைச் சூடாகச் செய்யும். மரத்தரைக்குத் தேவை பெருக்குவது, தூசி உறிஞ்சுவது, நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றித் துடைப்பது. அவ்வளவுதான். பொங்கலுக்கு வீடு கழுவும் ஆசையை பேஸ்மென்ட் கான்கிரீட்டில் தீர்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர் வரும் வழியை அடைத்தாகிவிட்டதா? இனி காத்திருங்கள். சாண்டரைத் தொடாதீர்கள். வாரம் ஒருமுறை மீட்டரால் ஒரே இடத்தில் அளந்து காலண்டரில் எழுதிவையுங்கள். அளவு இறங்கிக்கொண்டே வந்து, கெடாத பலகையின் அளவில் வந்து நிற்க வேண்டும். எங்களுக்கு ஹால் ஓரம் அக்டோபரில் படிந்தது. அடுப்படி வாசலுக்கு ஜனவரிவரை ஆனது, பத்தில் எட்டு முழுமையாகத் தட்டையானது. அத்தைக்கு வீடியோ காலில் காட்டினோம். ‘அப்ப இனி தொடச்சுக்கலாம்ல?’ என்றார்.

நடு மேடாகி ஓரம் தாழ்ந்திருக்கிறது

அநேகமாக, மேலே சொன்ன பொறுமை இல்லாமல் குழிந்த தரையை இழைத்தவர்களுக்கு வருவது. தூக்கியிருந்த ஓரங்களை இழைத்துத் தட்டையாக்கினார்கள். பிறகு அடி காய்ந்து பலகை பழைய நிலைக்குத் திரும்பியது, இழைத்த ஓரம் மட்டும் தாழ்ந்துபோனது. மீண்டும் ஈரத்தை அளந்து, மேலும் கீழும் ஒரே அளவுக்கு வந்துவிட்டது என்று உறுதியான பிறகு இன்னொரு முறை இழைப்பது ஒன்றுதான் வழி. முழு மரப் பலகையிலும் நாக்குக்கு மேலே இருக்கும் மரம்தான் இழைக்கக் கிடைப்பது. அதைத் தவறுக்காகச் செலவழித்தால் ஆயுள் குறையும்.

தரை கூடாரம் போல் எழும்பிவிட்டது

இதற்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. பலகைகள் பிளைவுட்டை விட்டே மேலே எழும்பினால், ஒன்று குழாய் உடைந்திருக்கிறது, இல்லையென்றால் சுவர் ஓரத்தில் இடைவெளி விடாமல் முட்டக்கொடுத்துப் போட்டிருக்கிறீர்கள். தண்ணீரை நிறுத்துங்கள். பேஸ்போர்டைக் கழற்றி ஓரத்தைப் பாருங்கள். பலகை சுவரில் முட்டினால், சுவர் ஓரப் பலகையில் ஒரு கீற்றை அறுத்து எடுத்து இறுக்கத்தைத் தளர்த்துங்கள். பன்னிரண்டு அடி அகல அறையில் அதே 4 சதவீத ஈர வித்தியாசம், தடையே இல்லாமல் விரிந்தால் இரண்டு அங்குலத்துக்கு வரும். ஆணிகள் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவைக்கின்றன, மிச்சத்துக்குத்தான் அந்த முக்கால் அங்குலம். சுவர் ஓரம் மட்டுமல்ல, கதவு நிலை, ஹீட்டர் குழாய், கணப்பு மேடை எதுவானாலும் இடம் விட வேண்டும்.

பூச்சு: கொப்புளம், பிசுக்கு, சுழிக்கோடு

இது வெறும் பலகை வாங்கி வீட்டிலேயே பூச்சு அடித்த படுக்கையறைக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். கொப்புளம் வந்தால் டப்பாவைக் குலுக்கியிருக்கிறீர்கள், குச்சியால் மெல்லக் கலக்க வேண்டும். மறுநாளும் பிசுக்கென்று ஒட்டினால் கனமாக அடித்தீர்கள், அல்லது அறை குளிர்ந்தோ ஈரமாகவோ இருக்கிறது. எண்ணெய் வகை பாலியூரித்தேனுக்கு ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே 24 மணி நேரம் விட்டாலே நல்லது. சாயம் பூசியதும் திடீரென்று தெரியும் சுழிக்கோடுகள் சாண்டர் காகிதத்தில் ஒரு படியைத் தாண்டியதற்கான தண்டனை. 36, 60, 100 என்று வரிசையாகப் போக வேண்டும்.

கோளாறு அல்ல, ஆனால் எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், காயும் எண்ணெயின் சூடே அதற்குத் தீ வைத்துவிடும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீரில் அமுக்குங்கள். சாண்டரின் தூசிப் பையையும் இரவில் வீட்டுக்குள் விடாதீர்கள்.

கறுப்பு வளையம், நிறத்திட்டு

ஓக்கில் டானின் எனும் துவர்ப்புப் பொருள் அதிகம். தண்ணீரும் இரும்பும் அதோடு சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும். குளிருக்குப் பயந்து உள்ளே கொண்டுவந்து வைத்த எங்கள் துளசித் தொட்டியின் இரும்புத் தாங்கி, சரியான ஒரு வட்டத்தைப் பதித்துவிட்டது. பூச்சை நீக்கி, வெறும் மரத்தில் ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் பெரும்பாலும் வெளுக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், அது விஷம். பிறகு தண்ணீரால் ஒற்றி எடுத்துக் காயவிட்டுப் பூச்சு அடிக்க வேண்டும்.

கம்பளத்துக்கு அடியில் மட்டும் நிறம் வேறாக இருந்தால் அது வெயில் செய்த வேலை. கம்பளத்தை எடுத்துவிட்டால் மெல்ல மெல்லச் சமமாகும். ரப்பர் அடிப்பாகமுள்ள மிதியடி போட்டுவந்த மஞ்சள் கறை என்றால் போகாது. அந்த மிதியடிகளை மாற்றுங்கள்.

ஒரே ஒரு பலகை போய்விட்டது

அடுப்படி வாசலில் படியாத இரண்டில் ஒன்று விரிசலே விட்டது. அதை மாற்ற மொத்தத் தரையையும் கிளற வேண்டியதில்லை. வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகைத் தடிமனுக்கு, சரியாக முக்கால் அங்குலத்துக்கு வையுங்கள். பலகையின் நடுவே நீளவாக்கில் இரண்டு கோடு அறுங்கள், முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியை உளியால் முடியுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பலகையில் காயம் விழும். நடுத்துண்டை நெம்பி எடுத்த பிறகு இரு ஓரமும் தானாகக் கழன்றுவரும். பழைய ஆணிகளைப் பிடுங்குங்கள்.

புதுப் பலகை சாதாரணமாக உள்ளே இறங்காது, காடி தடுக்கும். பக்கக் காடியிலும் முனைக் காடியிலும் அடி உதட்டை மட்டும் அறுத்துவிடுங்கள். பிளைவுட்டிலும் நாக்கிலும் பசை வைத்து, நாக்குப் பக்கத்தை முதலில் செருகி, மறுபக்கத்தைக் கட்டை வைத்துத் தட்டி இறக்குங்கள். மேலே பாரம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். எங்களுக்குப் பாரம் இருபது ராத்தல் அரிசி மூட்டை இரண்டு.

பலகை எங்கிருந்து எடுத்தோம் என்றால், மிச்சமான பலகைக் கட்டு ஒன்றை பேஸ்மென்டில் வைக்காமல் ஹால் சோபாவுக்கு அடியில் போட்டுவைத்திருந்தோம். தரை அனுபவித்த அதே குளிரையும் கோடையையும் அதுவும் அனுபவித்திருந்தது. ஒரு கோடுகூட தெரியாமல் உட்கார்ந்தது. இன்னும் ஒன்பது பலகை சோபாவுக்கு அடியில் இருக்கிறது.